எஸ்தருக்கு இரண்டு காதலர் இல்லை



இவ்வாரத் தியானத்துக்கு எஸ்தரின் புத்தகத்தை எடுத்திருக்கிறேன். ஆயினும் வேதபகுதிக்கு நேரே போகாமல், நம் சபைகளின் வாலிபப் பெண்கள் சிலருடைய கைப்பைகளில் வேதாகமத்தோடு சேர்ந்தே கிடக்கும் வேறொரு புத்தகத்தின் வழியாக உங்களை அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்க எழுத்தாளரான கீரா காஸ் எழுதி 2012 ஆம் ஆண்டில் வெளியான 'தி செலக்‌ஷன்' என்னும் நாவலே அது. அதைத் தொடர்ந்து 'தி எலீட்', 'தி ஒன்', 'தி ஏர்', 'தி க்ரவுன்' என்று 2016 வரை ஆண்டுக்கொன்றாக வந்தன. நீங்கள் ஒன்றையும் வாசித்திராவிட்டாலும் அட்டைப் படங்களைப் பார்த்திருப்பீர்கள்: பெரிய விருந்து கவுன் அணிந்த ஓர் இளம்பெண், வேறொன்றும் இல்லை.

எஸ்தருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தத்தை உண்டாக்கியவன் நான் அல்ல. இந்தக் கதை எஸ்தரையும் சின்ரெல்லாவையும் எண்ணிப் பார்த்ததில் பிறந்தது என்று ஆசிரியையே சொல்லியிருக்கிறார். அரண்மனைக்குக் கொண்டுபோகப்படும் முன்பு எஸ்தர் பக்கத்து வீட்டு வாலிபனை நேசித்திருந்தால் என்ன ஆகும் என்று அவர் தம்மையே கேட்டுக்கொண்டாராம். அந்தக் கேள்வியின் விடையே ஐந்து நாவல்களாக நீண்டது. ஆகவே வேதாகமத்தை நான் நாவலுக்குள் இழுக்கவில்லை; நாவல்தான் நம் வீட்டு முற்றத்துக்குள் வந்து நிற்கிறது. வந்தவரிடம் எதற்காக வந்தீர் என்று கேட்கும் உரிமை வீட்டாருக்கு உண்டல்லவா?

பெற்றோர் பலர் இப்புத்தகங்களை மனநிறைவோடு பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிறார்கள். இவை 'சுத்தமான' புத்தகங்கள் என்பது அவர்களுடைய காரணம். அது பெரும்பாலும் உண்மையே. கதையில் முத்தங்கள் உண்டு, ஆபாசம் இல்லை. கதை நடக்கும் நாட்டின் சட்டமே திருமணத்துக்கு முந்திய உறவைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருக்கிறது. காதல் நாவல்களைக் கண்டித்து எழுதுகிற போதகர்கள் வழக்கமாகச் சுமத்தும் குற்றம் இதன்மேல் ஒட்டாது. நானும் அதைச் சுமத்தப் போவதில்லை. என் வழக்கு வேறு. பசியையும் சாதியையும் கதையின் வாசலில் காட்டிவிட்டு, உள்ளே அழைத்துப்போய், 'இருவரில் யார் உன்னை அதிகமாய் நேசிக்கிறான்?' என்ற கேள்வியைக் கையில் கொடுத்து, வாசலில் கண்டதை மறக்கச் செய்யும் ஒரு கதைவடிவம் இது. எஸ்தரின் பெயரைச் சொல்லிக்கொண்டு இது வருவதுதான் என்னை எழுதவைக்கிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எதிர்காலத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகள் போர்களில் அழிந்துபோக, அந்த மண்ணில் இல்லேயா என்னும் முடியாட்சி எழும்பியிருக்கிறது. அதன் மக்கள் எட்டுச் சாதிகளாய்ப் பிரிக்கப்பட்டிருக்கிறார்கள். 'சாதி' என்பது என் மொழிபெயர்ப்பின் சாயம் அல்ல. நம் நாட்டுச் சமூகத்தைக் குறிக்க ஐரோப்பியர் வழங்கிய அதே 'காஸ்ட்' என்ற சொல்லைத்தான் நாவலும் பயன்படுத்துகிறது. பாடகரும் ஓவியரும் ஐந்தாம் சாதி. வீட்டு வேலையாட்கள் ஆறாம் சாதி. வயல் வேலையும் தோட்ட வேலையும் செய்பவர்கள் ஏழு. வீடற்றவர்களும் பராமரிப்பாரற்ற நோயாளிகளும் எட்டு. உச்சியிலுள்ள முதலாம் சாதியில் ராஜகுடும்பத்தோடு குருமாரும் இருக்கிறார்கள்! போதகனாகிய எனக்கு அந்த ஒரு வரி உறுத்திக்கொண்டே இருந்தது. குருமார் அரசரோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு நாட்டைக் கற்பனை செய்தவர், அவர்களுக்குப் பேச ஏறக்குறைய ஒன்றும் வைக்கவில்லை. அது வேண்டுமென்றே செய்ததாய் இருந்தால் கூர்மையான பரிகாசம். ஆனால் அப்படித் தோன்றவில்லை.

இளவரசன் மேக்சனுக்குப் பெண் தேட, 35 மாகாணங்களிலிருந்து மாகாணத்துக்கு ஒருத்தியாக 35 இளம்பெண்கள் அரண்மனைக்கு அழைக்கப்படுகிறார்கள். ஒருவர்பின் ஒருவராய் அவர்கள் கழிக்கப்படுவதை நாடே தொலைக்காட்சியில் பார்க்கிறது. அமெரிக்காவில் 2002 முதல் ஓடிக்கொண்டிருக்கும் 'தி பேச்சிலர்' நிகழ்ச்சியை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. அமெரிக்கா சிங்கர் என்னும் ஐந்தாம் சாதிப் பாடகி அந்த 35 பேரில் ஒருத்தியாகிறாள். அவளுடைய பக்கத்து வீட்டு வாலிபன் ஆஸ்பென், ஆறாம் சாதியான்.

முதல் நாவலின் தொடக்கத்தில் ஒரு காட்சி உண்டு. நியாயமாய் எழுத வேண்டுமானால் அதைச் சொல்லியே ஆகவேண்டும். ஊரடங்கு நேரத்தில் இருவரும் ஒரு மரவீட்டில் ஒளிந்து சந்திக்கிறார்கள். அவன் பசியாயிருப்பவன், பெரிய குடும்பத்தைச் சுமப்பவன். அவள் சேமித்து வைத்த பொருள்களால் ஆசையாய் ஓர் உணவைச் சமைத்து எடுத்து வருகிறாள். அவனோ அதைக் கண்டு வெட்கத்தால் எரிகிறான். தான் அவளுக்கு ஊட்டவேண்டியவனாயிருக்க, அவள் தனக்கு ஊட்டுவதா? அந்த இரவே உறவை முறித்துக்கொள்கிறான். வறுமை ஒரு மனிதனுடைய வயிற்றை மாத்திரமல்ல, அன்பை ஏற்றுக்கொள்ளும் திராணியையும் தின்றுவிடுகிறது என்பதை இந்தக் காட்சி அறிந்திருக்கிறது. இதை எழுதத் தெரிந்த கைக்கு இன்னும் எவ்வளவோ எழுதத் தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு நடப்பதைக் கவனியுங்கள். தெரிந்தெடுக்கப்பட்ட பெண்கள் அந்தக் கணமே மூன்றாம் சாதியாக உயர்த்தப்படுகிறார்கள். அவர்களுடைய குடும்பங்களுக்குப் பணம் வருகிறது. பசித்திருந்த ஆஸ்பென் படைக்கு எடுக்கப்பட்டு, படைவீரன் என்பதால் இரண்டாம் சாதியானாகி, அரண்மனைக் காவலனாக அவளுடைய கதவருகிலேயே வந்து நிற்கிறான். முதல் நாவல் முடியும்போது அவள் முன்னால் இருப்பவர்கள் இருவர்: ஒருவன் இளவரசன், மற்றவன் வீரன். இருவரும் அழகர், இருவரும் நல்லவர், இருவருக்கும் வயிறு நிறைந்திருக்கிறது. மரவீட்டில் அந்த இருவரையும் பிரித்த காரணம் கதையை விட்டு இறங்கிப் போய்விட்டது. முக்கோணம் மாத்திரம் மிஞ்சியது.

முக்கோணக் காதல் என்பது ஒரு யந்திரம். அது எப்படி இயங்குகிறது என்று பார்ப்பது கடினமல்ல. இரண்டு ஆண்களும் ஏறக்குறைய சமமாய் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் வாசகி முதல் நூறு பக்கத்தில் முடிவு செய்துவிடுவாள். இருவரும் காத்திருக்கவேண்டும். அவளுக்கு ஒருவன்மேல் மனம் நிலைக்கும்போதெல்லாம் ஒரு தவறான புரிதல் வந்து குறுக்கே விழவேண்டும். இல்லேயாவில் கலகக்காரர் அரண்மனைக்குள் புகும்போதுகூட, அந்தத் தாக்குதல் பெரும்பாலும் அவள் எந்தப் பாதுகாப்பறையில் யாருடைய கையைப் பிடித்தாள் என்பதைத் தெரிவிக்கவே பயன்படுகிறது. கலகக்காரருக்கு என்ன வேண்டும், மாகாணங்களில் யார் சாகிறார்கள் என்பவை அவசரமாகச் சொல்லி முடிக்கப்படுகின்றன. நாட்டின் பாடுகள் கதாநாயகியின் இருதயத்துக்கு வானிலை ஆகிவிடுகின்றன: இடி இடிக்கும், அவள் நடுங்குவாள், யாரோ ஒருவன் அணைத்துக்கொள்வான்.

இவ்வகைக் கதைகளுக்கு வழிதிறந்தது சூசன் காலின்ஸ் 2008 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி ஹங்கர் கேம்ஸ்'. அதை இதோடு சேர்த்துத் தள்ளிவிடுவது அநியாயம். பானெம் என்னும் அந்த நாட்டின் பெயரிலேயே உரோமருடைய 'அப்பமும் விளையாட்டும்' என்ற பழைய குற்றச்சாட்டு இருக்கிறது. பானெம் என்றால் அப்பம். 12 மாவட்டங்களிலிருந்து 24 பிள்ளைகள் ஒருவரையொருவர் கொல்லும்படி அரங்கத்துக்கு அனுப்பப்படுகிறார்கள். அவர்களில் ஒருத்தியான காட்னிஸ், பார்வையாளருக்கு ஒரு காதல் கதை கிடைத்தால்தான் தனக்குச் சூப்பும் மருந்தும் வரும் என்று கண்டுகொள்கிறாள். ஆகவே முத்தமிடுகிறாள். தலைநகரத்து மக்கள் கண்ணீர் வடிக்கிறார்கள்; செத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளை மறக்கிறார்கள். முக்கோணக் காதல் எதற்குப் பயன்படுகிறது என்பதை அந்த நாவல் கண்திறந்து பார்த்தது. அதன் கூலி என்ன தெரியுமா? அதைப் படித்த உலகம் 'நான் பீட்டாவின் கட்சி, நான் கேலின் கட்சி' என்று இரண்டாய்ப் பிரிந்து சட்டைகளில் அச்சடித்துக்கொண்டது. எச்சரிக்கையை விட்டுவிட்டு, எதைப்பற்றி எச்சரித்தாரோ அதைச் சந்தை எடுத்துக்கொண்டது. பின்னால் வந்த நாவல்கள் பல அந்தச் சந்தைக்குப் பிறந்தவை. 2015 இல் வந்த விக்டோரியா அவேயார்டின் 'ரெட் குவீன்' சிவப்பு இரத்தத்தார், வெள்ளி இரத்தத்தார் என்று மனிதரை வகுத்து, சிவப்பு இரத்தத்துப் பெண்ணை இரண்டு இளவரசர்களுக்கு நடுவில் நிறுத்தியது. அதில் ஒருவன் அவளுக்குத் துரோகியாய் மாறுகிறான் என்ற அளவில் அதற்குக் கொஞ்சம் முதுகெலும்பு உண்டு. இப்போதைக்கு அதை விட்டுவிடுகிறேன்.

'தி செலக்‌ஷன்' வரிசையின் நான்காம் புத்தகமான 'தி ஏர்' பக்கம் திரும்புவோம். மூன்றாம் புத்தகத்தின் முடிவில் கொடிய அரசன் கலகக்காரரின் துப்பாக்கியால் செத்துப்போகிறான், மேக்சன் அரசனாகிறான், அமெரிக்கா முடிசூடுகிறாள். கதாநாயகி அந்த அரசனை நேருக்கு நேர் எதிர்த்து வெல்லவேண்டிய அவசியம் வராமலே போயிற்று. எட்டுச் சாதிகளையும் கலைக்கும் நீண்ட, கடினமான, அலுப்பான வேலை பெரும்பாலும் மூன்றாம் புத்தகத்துக்கும் நான்காம் புத்தகத்துக்கும் இடையே, நாம் பார்க்காத ஆண்டுகளில் நடந்து முடிகிறது. நான்காம் புத்தகம் திறக்கும்போது அவர்களுடைய மகள் ஈட்லினுக்கு 18 வயது. சாதி சட்டத்தில் இல்லை. மனிதர் மனதில் இருக்கிறது. மக்கள் கொந்தளிக்கிறார்கள். அரசனும் அரசியும் என்ன செய்கிறார்கள்? மகளை அழைத்து, உனக்கு ஒரு தெரிந்தெடுப்பு நடத்துவோம், 35 வாலிபர்களை வரவழைப்போம் என்கிறார்கள். ஜனங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நமக்கு யோசிக்க நேரம் கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு.

வாசகரே, இதை இன்னொரு முறை வாசியுங்கள். சாதியால் கொந்தளிக்கும் நாட்டை அமர்த்த அரண்மனை ஒரு காதல் போட்டியைக் காட்டுகிறது. இது என் விமரிசனம் அல்ல, கதையின் நிகழ்ச்சி. தன்னுடைய வேலை இன்னதென்று நாவல் தானே வாய்தவறி ஒப்புக்கொண்டுவிட்டது. அப்படி ஒப்புக்கொண்ட பிறகு 35 வாலிபர்களில் எவன் கண்கள் அழகு என்று விவரிக்கப் போய்விடுகிறது. தொலைக்காட்சிக்கு முன் வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்கும் அந்த இல்லேயா ஜனங்கள் யார் என்று நம் பிள்ளைகளில் எத்தனைபேர் கேட்டிருப்பார்கள்?

இப்பொழுது வேதாகமத்துக்கு வருவோம்.

எஸ்தர் இரண்டாம் அதிகாரத்தை ஒரு காதல் கதையின் முதல் அத்தியாயமாக வாசிக்க நம்மைப் பழக்கிவிட்டார்கள். ஞாயிறு பள்ளிப் படங்களும் அதற்கு உடந்தை. எழுதியிருப்பதைப் பாருங்கள். 127 நாடுகளை ஆண்ட ஓர் அரசன், குடித்துக் களித்த விருந்தில் தன் மனைவியைக் காட்சிப்பொருளாக அழைக்கிறான். வஸ்தி வர மறுக்கிறாள்; தள்ளப்படுகிறாள். பின்பு நாடுகள்தோறும் கன்னிப்பெண்கள் திரட்டப்படுகிறார்கள். எஸ்தர் விண்ணப்பப் படிவம் நிரப்பியதாக வேதம் சொல்லவில்லை. அவள் கொண்டுபோகப்பட்டாள் என்றே சொல்கிறது. ஆறு மாதம் வெள்ளைப்போளத் தைலம், ஆறு மாதம் பிற வாசனைத் திரவியங்கள் என்று பன்னிரண்டு மாதம் அவர்கள் சுத்திகரிக்கப்படுகிறார்கள். ஒவ்வொருத்தியும் சாயங்காலத்தில் அரசனிடம் போய், விடியற்காலத்தில் வேறொரு மாடத்துக்குத் திரும்புவாள். அரசன் பிரியப்பட்டுப் பெயர் சொல்லி அழைத்தாலொழிய மறுபடியும் போகமாட்டாள். பிறந்த வீட்டுக்குத் திரும்புவாள் என்றும் எழுதப்படவில்லை. இதற்கு 'போட்டி' என்று பெயரிட நமக்கு எப்படி மனம் வந்தது?

அரசன் எஸ்தர்மேல் அன்புவைத்தான் என்று வேதம் சொல்கிறது. எஸ்தர் அரசன்மேல் அன்புவைத்தாள் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. மறுத்தும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைக் கவனித்துத்தான் நாவலாசிரியை பக்கத்து வீட்டு வாலிபனைக் கொண்டுவந்து அங்கே குடியேற்றினார். தேவனுடைய பெயரையே எபிரெய மூலத்தில் உச்சரிக்காத புத்தகம் அது. மௌனத்தை வீணாகச் செலவிடுகிற புத்தகமல்ல. எஸ்தருடைய இருதயம் யாருக்குச் சொந்தம் என்பதை அது சொல்லாமல் விட்டது, சொல்ல வேறு காரியம் இருந்ததால்.

அந்தக் காரியம் எங்கே தொடங்குகிறது என்று அதிகாரங்களை எண்ணிப் பாருங்கள். பத்து அதிகாரமுள்ள புத்தகத்தில் எஸ்தருடைய தலையில் கிரீடம் ஏறுவது இரண்டாம் அதிகாரத்தில். அது அரசனுடைய ஏழாம் ஆண்டு. ஆமான் யூதரை அழிக்கச் சீட்டுப் போடுவது பன்னிரண்டாம் ஆண்டு. இடையில் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள். அரசியின் வாழ்க்கை, உடைகள், விருந்துகள் என்று நாவல்கள் எதைத் தின்று வளர்கின்றனவோ அதெல்லாம் அந்த ஐந்து ஆண்டுகளில் இருந்திருக்கும். வேதம் அவற்றைத் தாண்டிப்போய்விடுகிறது. நான்காம் அதிகாரத்தில் எஸ்தரே சொல்லித்தான் ஒரு செய்தி நமக்குத் தெரிகிறது: அரசன் தன்னை அழைத்து முப்பது நாளாயிற்று. எல்லா ஸ்திரீகளிலும் அதிகமாய் அவளை நேசித்த அன்பு வந்து நின்ற இடம் அது. மூன்று நாவல்களின் கடைசிப் பக்கத்தில் வைக்கப்பட்ட கிரீடம் வேதத்தில் கதை தொடங்குமுன்பே தலையில் ஏறி, பாரமாகி, ஏறக்குறைய பயனற்றும் போயிருந்தது.

நான்காம் அதிகாரத்தில் நம் பிரசங்கங்கள் கவனியாமல் கடந்துபோகும் ஒரு வசனம் உண்டு. ஜனத்தை அழிக்கும் கட்டளை வெளியானதும் மொர்தெகாய் இரட்டுடுத்திச் சாம்பல் போட்டுக்கொண்டு, அரண்மனை வாசல்மட்டும் வருகிறான். இரட்டுடுத்தினவன் அரசனுடைய வாசலுக்குள் பிரவேசிக்கக்கூடாது என்பது விதி. செய்தி எஸ்தருக்குப் போகிறது. அவள் துக்கப்படுகிறாள். துக்கப்பட்டு, முதலாவது என்ன செய்கிறாள்? ஏன் அழுகிறாய் என்று கேட்டனுப்புமுன்பே, இரட்டை எடுத்துப்போடும்படி நல்ல வஸ்திரங்களை அனுப்புகிறாள்.

ஐந்து ஆண்டு அரண்மனை வாசம் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். துயரம் வாசலில் வந்து நின்றால் அதற்கு நல்ல உடை உடுத்து. 'தி செலக்‌ஷன்' வகை நாவல்களின் கலை முழுவதும் இந்த ஒரு வசனத்துக்குள் அடங்கிவிடுகிறது. பசிக்கு விருந்து கவுன். சாதிக்கு அரண்மனைத் திருமணம். இரட்டுக்கு மேல் பட்டு. வித்தியாசம் என்னவென்றால், மொர்தெகாய் அந்த உடையை வாங்கிக்கொள்ளவில்லை. திருப்பி அனுப்பிவிட்டான். அவன் மாத்திரம் அந்த வஸ்திரத்தை வாங்கி உடுத்தியிருந்தால் பூரீம் பண்டிகை இல்லை, புத்தகமும் இல்லை. அவன் திருப்பி அனுப்பியதால்தான் எஸ்தர் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டாள்: இது என்ன, இதற்குக் காரணம் என்ன?

நாவலின் சார்பாக ஒருவர் இங்கே எழுந்து நிற்கலாம். அமெரிக்கா சிங்கரும் ஒருமுறை எஸ்தரைப்போல் துணிந்தாளே என்பார். ஆம், துணிந்தாள். இரண்டாம் நாவலில் அவளுடைய தோழி மார்லி, ஒரு காவலனை நேசித்த குற்றத்துக்காக ஊரார் முன்னே பிரம்பால் அடிக்கப்படுகிறாள். இருவரும் எட்டாம் சாதிக்குத் தள்ளப்படுகிறார்கள். அமெரிக்கா அதைத் தடுக்கப் பாய்கிறாள். பிறகு நேரலையில், நாடே பார்க்க, சாதிகளை ஒழிக்கவேண்டும் என்று சொல்லிவிடுகிறாள். அரசன் கொதிக்கிறான். வரிசையிலேயே சிறந்த பக்கங்கள் இவை. நான் அவற்றைப் படித்து மகிழ்ந்தேன். ஆனால் அடுத்த பக்கங்களில் கதை எதைக் கேட்கிறது? இந்தப் பேச்சினால் மேக்சன் அவளை வெறுத்துவிடுவானோ என்று கேட்கிறது. ஏழாம் சாதித் தோட்டக்காரன் ஒருவன் வீட்டில் அந்தப் பேச்சைக் கேட்டு என்ன நினைத்தான் என்று நாம் அறியோம். எஸ்தர் அழிந்தாலும் அழிகிறேன் என்று துணிந்து உள்ளே போனபோது அவள் ஆபத்தில் வைத்தது தன் உயிரை. அமெரிக்காவோடு நாம் நடுங்கும்போது நாம் நடுங்குவது ஓர் உறவுக்காக. இரண்டும் ஒரே எடை என்று பதினாறு வயதில் ஒரு பிள்ளை நம்பிவிட்டால், இருபத்தாறு வயதில் அவள் எதற்காகத் துணிவாள்?

சாதியைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அமெரிக்க வாசகிக்கு எட்டுச் சாதி என்பது கற்பனை அலங்காரமாயிருக்கலாம். தமிழ்நாட்டு வாசகிக்கு அப்படியல்ல. கல்லறைத் தோட்டத்திலும் சாதிச் சுவர் எழுப்பிய கிறிஸ்தவ ஊர்கள் நமக்கு உண்டு. கிறிஸ்தவப் பத்திரிகைகளின் திருமண விளம்பரங்களில் 'இரட்சிக்கப்பட்ட' என்ற சொல்லுக்கு அடுத்த சொல் என்னவென்று நான் எழுதவேண்டியதில்லை. சாதி தாண்டி நேசித்த பிள்ளைகளுக்கு இந்த மண்ணில் நேர்வதைச் செய்தித்தாள் அவ்வப்போது சொல்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பெண் இந்நாவலை மடியில் வைத்துக்கொண்டு, ஓர் இளவரசன் விரும்பினால் ஒரே நாளில் சாதி மாறிவிடும் என்று வாசிக்கிறாள். அவளுடைய தகப்பனார் பக்கத்தில் உட்கார்ந்து, 'சுத்தமான புத்தகம்' என்று திருப்தியாயிருக்கிறார். அவருக்குக் கதையில் பயப்பட ஒன்றும் இல்லை. எனக்கு அச்சம் தருவது அதுவே.

அந்த 34 பேரைப் பற்றியும் சொல்லவேண்டும். 35 பேரில் ஒருத்திக்கே கிரீடம். வாசிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் தன்னை அந்த ஒருத்தியாகவே வாசிக்கிறாள். யந்திரம் அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் நம் பெண்களுக்குத் தெரிந்தெடுப்பு என்பது தொலைதேசத்துக் கற்பனை அல்ல. காப்பித் தட்டோடு முன்னறைக்கு வந்து நின்று, நிறமும் உயரமும் படிப்பும் நகையும் எடைபோடப்பட்டு, 'பிறகு சொல்லி அனுப்புகிறோம்' என்ற சொல்லோடு சமையலறைக்குத் திரும்பியவர்கள் சபையின் ஒவ்வொரு வரிசையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்நாவல் என்ன சொல்லும்? அடுத்த முறை நீ தெரிந்தெடுக்கப்படுவாய் என்று சொல்லும். அதற்கு மேல் சொல்ல அதனிடம் ஒன்றும் இல்லை. வேதத்திலும் ஒரு முக்கோணம் உண்டு: யாக்கோபு, ராகேல், லேயாள். ஆதியாகமம் 29 ஆம் அதிகாரம் அதை யாருடைய பக்கத்தில் நின்று பார்க்கிறது என்று இன்றிரவு வாசித்துப் பாருங்கள். அழகி ராகேலை யாக்கோபு பார்த்தான். லேயாள் அற்பமாய் எண்ணப்பட்டதைக் கர்த்தர் கண்டார். யூதாவும், அவன் வழியாய்த் தாவீதும், இயேசு கிறிஸ்துவும் வந்தது அந்த வேண்டப்படாதவளின் வயிற்றிலிருந்து.

புத்தகங்களைப் பிடுங்கி எரிக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிடுங்கப்பட்ட புத்தகம் போர்வைக்குள் இரண்டு மடங்கு ருசிக்கும். பெற்றோரே, உங்கள் மகள் படிக்கிற புத்தகத்தை நீங்களும் படியுங்கள். ஐந்தும் வேண்டாம், முதலாவதும் நான்காவதும் போதும். பிறகு அவளோடு உட்கார்ந்து, ஆஸ்பெனா மேக்சனா என்பதை அவளிடம் கேளாமல், ஆஸ்பெனின் தம்பி தங்கைகளுக்குச் சாப்பாடு கிடைத்ததா என்று கேளுங்கள். அவள் பதில் தேடி ஐந்து நாவலையும் புரட்டட்டும். வாலிபர் கூட்டம் நடத்துகிறவர்களே, எஸ்தரை அழகிப் போட்டியாக நாடகம் போடுவதை இந்த ஆண்டாவது நிறுத்துங்கள். மேடையில் வெள்ளிக் காகிதக் கிரீடம் வைத்து, பெண்பிள்ளைகளை வரிசையாய் நடக்கவிட்டு, ஒரு சிறுவன் செங்கோலால் ஒருத்தியைச் சுட்டும் அந்தக் காட்சிக்கும் நாவலின் அட்டைக்கும் நான் ஒரு வேறுபாடும் காணவில்லை.

எஸ்தர் புத்தகத்தின் எட்டாம் அதிகாரத்தில் ஆமான் செத்துவிட்டான். அவன் வீடு எஸ்தருடையது. மொர்தெகாயின் விரலில் அரசனுடைய மோதிரம். தனக்கும் தன் வீட்டாருக்கும் இனி ஆபத்தில்லை; நாவலாயிருந்தால் மணியோசையோடு இங்கே முடிந்திருக்கும். ஆனால் கட்டளை இன்னும் உயிரோடிருந்தது. 127 நாடுகளில், அவள் முகம் பார்த்திராத ஜனங்களுக்கு, பன்னிரண்டாம் மாதம் பதின்மூன்றாம் தேதி குறிக்கப்பட்டே இருந்தது. எஸ்தர் மறுபடியும் எழுந்து அரசனிடம் போகிறாள். முதல்முறை போனபோது அவள் அழுததாக எழுதப்படவில்லை. இம்முறை அவன் பாதத்தில் விழுந்து அழுகிறாள். அரசன் மறுபடியும் செங்கோலை நீட்டுகிறான், அவள் எழுந்து நிற்கிறாள், எழுத்தர்கள் வரவழைக்கப்படுகிறார்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் அதனதன் எழுத்திலும், ஒவ்வொரு ஜனத்துக்கும் அதனதன் பாஷையிலும் கடிதங்கள் எழுதப்பட்டு முத்திரையிடப்படுகின்றன. அன்று மூன்றாம் மாதம் இருபத்துமூன்றாம் தேதி. அஞ்சற்காரர் விரைந்து புறப்பட்டுப் போனார்கள்.